வாராக்கடன் வந்துவிட்டால் எங்கே எழுதுவது?

'வாராக்கடன் வசூல்' என்ற பெயரே ஒரு முரண். வாராது என்று முடிவுகட்டிய கடன் வந்திருக்கிறது. வந்த பணத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று வரும்போது பழுத்த கணக்கர்களும் தடுமாறுகிறார்கள். பணம் ஒருவருடைய பெயரில் வருகிறது, பெயரைப் பார்த்ததும் கை தானாக அவருடைய பேரேட்டுப் பக்கத்தைத் திறந்துவிடுகிறது. பிழை தொடங்கும் இடம் அதுதான்.

அதற்கு முன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்ளலாம். பேச்சுவழக்கில் இரண்டு வேறு காரியங்களை 'தள்ளுபடி' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். கடனாளியிடம் "இனி நீங்கள் தர வேண்டாம்" என்று விடுவிப்பது தள்ளுபடி. வசூலாகும் என்ற நம்பிக்கை போய்விட்டதால் நம் புத்தகத்திலிருந்து மட்டும் அந்தத் தொகையை எடுத்துவிடுவது போக்கெழுதுதல். முதலாவதில் கடனே தீர்ந்துவிடுகிறது. இரண்டாவதில் நம் இருப்புநிலைக் குறிப்பில் சொத்து என்று காட்டும் தகுதி மட்டும் போகிறது, கேட்டு வாங்கும் உரிமை அப்படியே இருக்கிறது. போக்கெழுதியதைக் கடனாளிக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் பணம் அனுப்புவதற்கு இடம் இருப்பதே இதனால்தான்.

போக்கெழுதியபோது என்ன நடந்தது என்று பாருங்கள். 48,000 பாக்கி வைத்தவர் தரமாட்டார் என்று தெரிந்ததும் எழுதிய பதிவு இது ('க/கு' கணக்கு, 'ப' பற்று, 'வ' வரவு):

வாராக்கடன் க/கு ப 48,000
கடனாளி க/கு வ 48,000

ஆண்டு முடிவில் வாராக்கடன் கணக்கு இலாப நட்டக் கணக்குக்குப் போய் நட்டமாக முடிந்தது. கடனாளியின் கணக்கில் இருப்பு சுழி. இரண்டு ஆண்டு கழித்து அவர் 30,000 அனுப்புகிறார் என்றால் பாடப்புத்தகத்தில் ஒரே பதிவுதான்:

வங்கி க/கு ப 30,000
வாராக்கடன் வசூல் க/கு வ 30,000

வாராக்கடன் வசூல் ஒரு பெயரளவுக் கணக்கு, அதாவது வருமானம், செலவு வகைக் கணக்கு. வருமானம், இலாபம் எல்லாம் வரவு என்ற விதிப்படி வரவு வைத்து, ஆண்டிறுதியில் இலாப நட்டக் கணக்கின் வரவுப் பக்கத்துக்கு மாற்றிவிடுகிறோம்.

இதைச் செய்யாமல் கடனாளியின் பெயரில் வரவு வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். சுழியாக இருந்த கணக்கில் 30,000 வரவு இருப்பு விழுகிறது. நாம் அவருக்குத் தர வேண்டியது போல, ஏதோ முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறார் என்பது போல. மொத்தக் கடனாளிகள் தொகையில் 30,000 குறைந்துவிடும், ஏனென்றால் மற்றவர்களுடைய பற்று இருப்போடு இந்த வரவு இருப்பும் கலந்துதான் கூட்டுத்தொகை வருகிறது. வருமானத்திலும் அதே 30,000 காணாமல் போகும். இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளின் பட்டியல்) மட்டும் சரியாகப் பொருந்தி நிற்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பிறகு அதே ஆள் 22,000-க்குக் கடனில் சரக்கு வாங்குகிறார். அவர் நமக்கு 22,000 தர வேண்டும். கணக்கோ, நாம் அவருக்கு 8,000 தர வேண்டும் என்று சொல்கிறது. மாதக் கடைசியில் கணக்கு அறிக்கை தானாக அவருக்குப் போகிறது. அவரும் அதை நம்பி 8,000-க்கு இன்னும் சரக்கு கேட்டால், தவறு முழுக்க நம் பக்கம்.

மென்பொருளில் எழுதுபவர்களுக்கு இந்தப் பொறி இன்னும் ஆழம். ரசீதுப் பதிவில் பெயரைத் தட்டினால் கடனாளி கணக்குதான் முதலில் வந்து நிற்கும். பில் வாரியாகப் பொருத்தச் சொல்லும்போது பாக்கி பில் எதுவும் இருக்காது, உடனே 'முன்பணம்' என்றோ 'பிறகு பொருத்தலாம்' என்றோ போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆண்டு முடிவில் கடனாளிகள் பட்டியலை எடுத்து, வரவு இருப்பில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் பழைய போக்கெழுதிய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த வகைப் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேயே சிக்கும்.

தேர்வு எழுதுபவர்களுக்கு இதே பிழை வேறு வேடத்தில் வரும். 'வாராக்கடன் வசூல்' இருப்பாய்விலேயே வரவுப் பக்கம் இருந்தால் வேலை எளிது, இலாப நட்டக் கணக்கில் மட்டும் காட்டினால் போதும். சரிக்கட்டுதல் பகுதியில், அதாவது இருப்பாய்வுக்குக் கீழே தரும் கூடுதல் தகவல்களில், "முன்பு போக்கெழுதிய 30,000 வசூலாகி, கடனாளிகள் கணக்கில் வரவு வைக்கப்பட்டுள்ளது" என்று வந்தால்தான் கண்ணி. கடனாளிகள் க/கு ப, வாராக்கடன் வசூல் க/கு வ என்று திருத்த வேண்டும். திருத்தியதும் கடனாளிகள் தொகை கூடும். ஐயக்கடன் ஒதுக்கை (வராமல் போகலாம் என்று முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் தொகையை) கணக்கிட வேண்டியது அந்தக் கூடிய தொகையில்.

இருப்பாய்வில் கடனாளிகள் 2,40,000, இன்னும் 10,000 போக்கெழுத வேண்டும், ஐயக்கடன் ஒதுக்கு 5% என்று வைத்துக்கொள்வோம். முதலில் 30,000-ஐத் திருப்பிக் கூட்டினால் 2,70,000. புதிய வாராக்கடன் 10,000 போக 2,60,000. அதில் 5% என்றால் 13,000. திருத்தத்தை மறந்தவர் 2,30,000-க்கு 5% போட்டு 11,500 என்பார். வித்தியாசம் 1,500, அதாவது விட்டுப்போன 30,000-க்கான 5%. விடை சரியாக 1,500 பிசகினால் எங்கே சறுக்கினோம் என்று தேட வேண்டியதே இல்லை.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது ஒரே பதிவை அல்ல, இரண்டு பதிவுகளை. முதலில் கடனாளி கணக்குக்கு உயிர் கொடுப்பது:

கடனாளி க/கு ப 30,000
வாராக்கடன் வசூல் க/கு வ 30,000

பிறகு பணம் வந்ததைப் பதிவது:

வங்கி க/கு ப 30,000
கடனாளி க/கு வ 30,000

இலாப நட்டத்தில் விளைவு ஒன்றேதான். ஆனால் நாளைக்கு அதே ஆள் கடன் கேட்டு வரும்போது அவருடைய பக்கத்தைத் திறந்தால் முழுக்கதையும் அங்கே இருக்கும்: விற்றோம், போக்கெழுதினோம், இவ்வளவு நாள் கழித்து இவ்வளவு தந்தார். ஒரே பதிவோடு முடித்தால் அவருடைய பக்கம் 'தரவே இல்லை' என்பதோடு நின்றுவிடுகிறது. கடன் கொடுக்கும் முடிவை எடுப்பவர் பார்ப்பது பேரேட்டின் அந்தப் பக்கத்தைத்தான், இலாப நட்டக் கணக்கை அல்ல.

இந்த முறையில் ஒரு எச்சரிக்கை உண்டு. உயிர் கொடுப்பது கைக்கு வந்த 30,000-க்கு மட்டும். பாதிக்கு மேல் தந்துவிட்டாரே, மீதியும் தருவார் என்ற உற்சாகத்தில் 48,000-ஐயும் புத்தகத்துக்குள் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. வாக்குறுதிக் கடிதமோ தொலைபேசிப் பேச்சோ பதிவுக்கு ஆதாரம் ஆகாது. பின்தேதியிட்ட காசோலை தந்திருந்தால் அதன் தேதி வரும்வரை பொறுங்கள். வங்கியில் போட்ட காசோலை திரும்பிவந்தால் இரண்டு பதிவுகளுக்கும் எதிர்ப்பதிவு போட வேண்டும். வங்கிப் பதிவை மட்டும் திருப்பிவிட்டு முதல் பதிவை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படி விட்டால், வராத பணத்துக்கு வருமானமும், இல்லாத கடனாளியும் புத்தகத்தில் நிற்கும்.

வேறு சிலர் வாராக்கடன் வசூல் என்று தனிக் கணக்கு திறக்காமல், நேராக வாராக்கடன் கணக்கிலேயே வரவு வைப்பார்கள். இந்த ஆண்டு வாராக்கடன் 40,000, பழைய வசூல் 30,000 என்றால் கணக்கில் 10,000 மட்டும் தெரியும். நிகர இலாபம் மாறாது, சின்ன நிறுவனத்தில் அதைப் பெரிய குற்றம் என்று சொல்லமாட்டேன். ஆனால் விற்பனையில் எத்தனை சதவீதம் வாராக்கடனாகிறது என்று பார்ப்பவருக்கு, இந்த ஆண்டு கடன் கொடுத்ததில் கவனம் கூடிவிட்டது போன்ற மாயத்தோற்றம் கிடைக்கும். அந்த நல்ல பெயர் உண்மையில் இரண்டு ஆண்டுக்கு முந்தைய கடனாளி ஒருவருடையது.

ஐயக்கடன் ஒதுக்கு வைத்திருக்கும் இடத்தில் பாதை மாறுகிறது. போக்கெழுதும்போது ஒதுக்கு க/கு ப, கடனாளி க/கு வ என்று எழுதியிருந்தால், வசூலாகும்போது கடனாளி க/கு ப, ஒதுக்கு க/கு வ என்று அதே வழியில் திரும்பிவந்து, பிறகு வங்கிப் பதிவைப் போட வேண்டும். வசூல் வருமானமாகத் தனியே தெரியாது, ஆண்டிறுதியில் ஒதுக்குக்கு எடுத்துவைக்க வேண்டிய தொகையைக் குறைத்துவிடும். தொடக்க ஒதுக்கு 10,000, போக்கெழுதியது 7,000, வசூல் 2,500, ஆண்டிறுதியில் தேவையான ஒதுக்கு 12,000 என்று கொள்ளுங்கள். ஒதுக்கில் மிஞ்சியிருப்பது 10,000 − 7,000 + 2,500 = 5,500. 12,000 ஆக்க இன்னும் 6,500 வேண்டும், அதுவே இந்த ஆண்டின் நட்டம். வசூலை ஒதுக்கில் சேர்க்காமல் தனி வருமானமாகக் காட்டினால் ஒதுக்குக்கு 9,000 எடுக்க வேண்டும், வருமானம் 2,500, நிகரம் மீண்டும் 6,500. எந்த வழியில் போனாலும் ஊர் ஒன்றுதான்.

கெடுவது இரண்டு வழியையும் கலக்கும்போது. வசூலை வருமானத்திலும் காட்டி, ஒதுக்கு கணக்கிடும்போது 5,500-லிருந்தும் தொடங்கினால், 2,500 இரண்டு முறை இலாபத்தில் ஏறிவிடும்: நிகர நட்டம் 4,000 என்று வரும். இன்னொரு கேடு, வசூலை ஒதுக்கில் போட்டுவிட்டு ஆண்டிறுதியில் தேவையான ஒதுக்கைப் புதிதாகக் கணக்கிடாமல் விடுவது. ஒதுக்கு மெல்ல ஊதிப்போகும். கெட்ட ஆண்டில் எடுத்துப் பயன்படுத்த ஒரு மறைமுகப் பானை தயாராகிவிடும்.

பன்னாட்டு நிதி அறிக்கை நெறிகளைப் பின்பற்றும் நிறுவனங்களுக்கு, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். 9 பொருந்தும். முழுவதுமோ ஒரு பகுதியோ வசூலாகும் என்று நியாயமான எதிர்பார்ப்பு இல்லாதபோது போக்கெழுத வேண்டும் என்றும், போக்கெழுதிய பகுதி அத்துடன் புத்தகத்தை விட்டே வெளியேறுகிறது என்றும் அது சொல்கிறது. வெளியேறிய சொத்தை நம்பிக்கை பிறந்ததும் திரும்ப உள்ளே அழைக்க முடியாது என்பதற்கு இதுதான் அடிப்படை. கூடவே ஐ.எஃப்.ஆர்.எஸ். 7 ஒன்றைக் கேட்கிறது: அந்த ஆண்டில் போக்கெழுதிய கடன்களில், இன்னும் வசூல் நடவடிக்கை தொடரும் தொகை எவ்வளவு என்று குறிப்பில் வெளியிட வேண்டும். போக்கெழுதியதும் கோப்பை மூடிவிட்டவர்களால் இந்த எண்ணைத் தரவே முடியாது.

பழைய ஆண்டின் நட்டத்தைத்தானே இது சரிசெய்கிறது, அதனால் தொடக்க இலாப இருப்பில் (முந்தைய ஆண்டுகளில் சேர்ந்த இலாபத்தில்) சேர்க்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. அன்று கையிலிருந்த தகவலை வைத்துச் செய்த மதிப்பீடு பின்னால் மாறியிருக்கிறது. மதிப்பீட்டு மாற்றம் மாறிய ஆண்டின் இலாப நட்டத்தில்தான் வரும். ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் கூர்மை வேண்டும். போக்கெழுதிய நாளிலேயே பணம் வந்து, யாருடையது என்று தெரியாமல் அனாமத்துக் கணக்கில் கிடந்திருந்தால், அது வாராக்கடன் வசூலே அல்ல. அன்று போக்கெழுதியதே பிழை. சிறு தொகையானால் இந்த ஆண்டிலேயே பிழைத்திருத்தப் பதிவாக முடிக்கலாம், பெரியதானால் முந்தைய ஆண்டின் எண்களையே திருத்திக் காட்ட வேண்டியிருக்கும்.

பகுதி மட்டும் போக்கெழுதிய கணக்குகள் தனித் தலைவலி. 1,00,000 பாக்கியில் 60,000-ஐப் போக்கெழுதி 40,000-ஐப் புத்தகத்தில் விட்டிருக்கிறோம். 50,000 வருகிறது. முழுவதையும் வாராக்கடன் வசூலில் போட்டால் 40,000 கடனாளி அப்படியே நிற்பார், வருமானம் மிகைப்படும். முதலில் புத்தகத்தில் உள்ள 40,000 அடைபட வேண்டும், மிச்சம் 10,000 மட்டுமே வசூல் வருமானம். பணம் அனுப்பியவர், குறிப்பிட்ட ஒரு பில்லுக்கு என்று எழுதி அனுப்பியிருந்தால் அவர் சொன்னபடிதான் பொருத்த வேண்டும். அது போக்கெழுதிய பில்லாக இருந்தால், மீதி நிற்கும் பில் ஏன் வரவில்லை என்ற கேள்வி உடனே எழ வேண்டும். ஏதாவது தகராறில் இருக்கிறதோ என்னவோ.

வந்த தொகைக்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக எழுதுவதுதான் அடுத்த பெரிய குறை. நீதிமன்றத் தீர்ப்பின்படி 57,000 வந்தது, அதில் அசல் 48,000, வட்டி 6,000, வழக்குச் செலவு 3,000 என்றால், வாராக்கடன் வசூல் 48,000 மட்டுமே. வட்டி வட்டி வருமானத்துக்கும், வழக்குச் செலவு செலவு ஈடாகவும் போகும். போக்கெழுதிய தொகைக்கு மேல் வசூல் கணக்கில் ஒரு காசு விழுந்தாலும் எங்கோ பிரிக்க மறந்திருக்கிறோம் என்று அர்த்தம்.

வசூல் முகவர் வழியாக வந்தால், 30,000 வசூலித்து 25% கமிஷன் பிடித்துக்கொண்டு 22,500 அனுப்புவார். வங்கிக்கு வந்தது 22,500 என்பதால் அதையே வசூலாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. வங்கி ப 22,500, வசூல் கமிஷன் ப 7,500, வாராக்கடன் வசூல் வ 30,000 என்பதே சரி. கடனாளியைப் பொறுத்தவரை அவர் 30,000 தந்துவிட்டார், அவரிடம் இனி கேட்க வேண்டியது 18,000 தான், 25,500 அல்ல. கடனையே முகவருக்கு விற்றுவிட்டிருந்தால் கதை வேறு. விற்ற விலைதான் நமக்கு வசூல். அதன் பிறகு பழக்கதோஷத்தில் கடனாளி நமக்கே பணம் அனுப்பினால் அது நம் வருமானம் அல்ல, கடனை வாங்கியவருக்கு நாம் தர வேண்டிய பொறுப்பு.

பணத்துக்குப் பதில் பழைய இயந்திரம் ஒன்றைத் தந்து கடனை முடித்துக்கொண்டால், அந்த இயந்திரம் இன்று என்ன பெறுமோ அந்த நியாய மதிப்புக்குத்தான் வசூல். 48,000 கடனுக்குத் தந்தார் என்பதால் இயந்திரத்தின் விலை 48,000 ஆகிவிடாது. அயல் நாணயக் கடனில் இன்னொரு குழப்பம்: 1,000 அயல் நாணயம், மாற்று விகிதம் 80 இருந்தபோது 80,000 என்று போக்கெழுதினோம். வந்தபோது விகிதம் 86. கிடைத்த 86,000-ல் 6,000-ஐச் செலாவணி இலாபம் என்று பிரிக்கத் தோன்றும். இடைப்பட்ட காலத்தில் புத்தகத்தில் கடனே இல்லை, இல்லாத கடனுக்கு விகித வேறுபாடும் இல்லை. முழுத் தொகையும் வசூல்தான். ஒரு காசும் மீறக் கூடாது என்ற மேற்சொன்ன சோதனையை இங்கே அயல் நாணயத் தொகையில் செய்து பாருங்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. வாராக்கடனுக்காக விற்பனை வரியைத் திரும்பப் பெற அனுமதிக்கும் நாடுகளில், பணம் வந்ததும் அந்த விகிதத்தில் வரியைத் திருப்பிச் செலுத்த வேண்டும். 2,000 வரி உட்பட 12,000 பில்லில் 6,000 வந்தால், 1,000 வரிப் பொறுப்பு, 5,000 தான் வசூல் வருமானம். வருமான வரியில் பொதுவான தர்க்கம், போக்கெழுதிய தொகைக்கு அன்று வருமானத்தில் கழிவு கொடுத்திருந்தால் வசூலுக்கு வரி உண்டு, கழிவு மறுத்திருந்தால் இல்லை. பகுதி மட்டும் ஏற்கப்பட்டிருந்தால் கணக்கு சற்று நுணுக்கம். 60,000 கடனில் 40,000-க்கு மட்டுமே கழிவு கிடைத்து, பிறகு 35,000 வசூலானால், இந்திய வருமான வரிச் சட்டம் 1961-ன் (2026 மார்ச் வரை நடைமுறையில் இருந்தது) 41(4) பிரிவு காட்டிய வழியில், கழிவு மறுக்கப்பட்ட 20,000-ஐ முதலில் ஈடுகட்டி, மீதி 15,000-க்கு மட்டும் வரி. வசூலான ஆண்டில் இதைச் சொல்ல, போக்கெழுதிய ஆண்டின் வரிக் கணக்கு கையில் இருக்க வேண்டும்.

அதனால்தான் போக்கெழுதிய கடன்களுக்கென்று ஒரு தனிப் பதிவேடு வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். இரட்டைப் பதிவில் சேராத, வெறும் நினைவுக்குறிப்புப் புத்தகம் அது. பெயர், பில் எண், பில் தேதி, போக்கெழுதிய தொகை, தேதி, அனுமதித்தவர், வரியில் கழிவு எவ்வளவு கிடைத்தது, ஜாமீன் அல்லது வழக்கு இருந்தால் அதன் நிலை, வழக்குப் போடுவதற்கான காலவரம்பு முடியும் நாள், பிறகு வந்த ஒவ்வொரு தொகையும். ஒரு விரிதாள் போதும்.

இந்தப் பதிவேடு இல்லாத இடத்தில் நடக்கும் இன்னொன்றைத் தணிக்கையாளர்கள் நன்றாக அறிவார்கள். போக்கெழுதிய கடனை யாரும் கேட்பதில்லை, பேரேட்டில் பாக்கி இல்லை, நினைவூட்டுக் கடிதமும் போவதில்லை. அப்படிப்பட்ட கணக்கில் ரொக்கமாக வரும் பணத்தை வாங்குபவர் பையில் போட்டுக்கொண்டால், புத்தகத்தில் எந்த ஓட்டையும் தெரியாது. இன்னும் துணிந்தவர்கள் வரிசையையே மாற்றுவார்கள்: முதலில் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு அந்தக் கணக்கைப் போக்கெழுதப் பரிந்துரைப்பார்கள். பணம் வாங்குபவரும், போக்கெழுத அனுமதிப்பவரும், கடனாளி பேரேட்டை எழுதுபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். ஆள் குறைந்த இடத்தில் அனுமதியையாவது உரிமையாளர் தன் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

நிறையப் போக்கெழுதும் நிறுவனத்தில் பல ஆண்டாக வாராக்கடன் வசூல் கணக்கு ஒரு பதிவுகூட இல்லாமல் காலியாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம். சோதிக்கும் வழி எளிது. பதிவேட்டிலிருந்து சில பெயர்களை எடுத்து, கணக்குப் பிரிவு அல்லாத ஒருவர் மூலம், "எங்கள் புத்தகத்தின்படி உங்களிடமிருந்து வராத தொகை இவ்வளவு, இடையில் ஏதாவது செலுத்தியிருந்தால் ரசீது நகல் அனுப்புங்கள்" என்று கடிதம் போட வேண்டும், பதில் நேராகத் தணிக்கையாளருக்கு வரும்படி. ஒரே ஒரு ரசீது நகல் வந்தாலும், அதன் எண்ணை ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையோடு ஒப்பிடும் வேலையை அன்றைக்கே தொடங்கிவிடலாம்.